ராண்ட்ஜன்

மாந்தர் உடலைக் கீறாமலே அதன் உட்புறத்தைக் கண்ணாற் காணலாம் என்று 1895-ஆம் ஆண்டுக்கு முன் எவரேனும் கூறியிருப்பின், உலகம் அவரை எள்ளி நகைத்திருக்கும். அவ்வரிய காட்சியை நமக்கு அளித்தவர் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன் என்னும் பௌதிக சாஸ்திரியார். அவரது சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1845-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள் பிரஷ்யாவைச் சேர்ந்த லென்னெப் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் துணி வணிகர். தாயார் ஹாலந்து நாட்டினர். இவர் மூன்று வயதுப் பாலகராயிருக்கையில் குடும்பம் ஹாலந்திற் குடியேறிற்று. அங்கு உத்ரெக்ட் நகரப் பாடசாலையிற் பயிலுங்கால் ஓர் இன்னல் நேர்ந்தது. உடன் பயின்ற மாணவன் ஒருவன் உபாத்தியாயரைப் பரிகசித்துச் சித்திரம் வரைந்தான். வரைந்தவன் பெயரை வெளியிட ராண்ட்ஜன் மறுத்தமையால், தாமே பாடசாலையினின்றும் விலக்கப்பட்டார்.

பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லாத குறை அவரை நெடுங்காலம் தொடர்ந்தது. ஆயினும் மனந்தளராது, சான்றிதழின்றியும் மாணவரை ஏற்ற ஜூரிச் நகரப் பொறியியற் கலாசாலையில் 1865-ல் சேர்ந்தார். 1869-ல் அந்நகரச் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் பெற்றார். பின்னர் வூர்ட்ஸ்பர்க் சர்வகலாசாலை அச்சான்றிதழ் இன்மையைக் காட்டி அவருக்கு ஆசிரியப் பதவி தர மறுத்தது. அதே சர்வகலாசாலை 1888-ல் அவரைப் பேராசிரியராக அழைத்து, 1894-ல் தலைமைப் பதவியிலும் அமர்த்திற்று.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இருட்டறையில் ஒரு கண்ணாடிக் குழாயினூடே மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்தார். குழாய் கறுப்பு அட்டையால் மூடப்பட்டிருந்தும், சற்றுத் தொலைவிலிருந்த இரசாயனம் பூசிய திரை ஒளிர்ந்தது. இன்னதென்று அறியாத அக்கதிர்களுக்கு எக்ஸ் கிரணங்கள் எனப் பெயரிட்டு, ஏழு வாரம் இடையறாது சோதித்தார். டிசம்பர் 22-ஆம் நாள் மனைவியாரின் கையைப் படம் எடுத்தார். விரலெலும்புகளும் மோதிரமும் தெளிவாய்த் தோன்றின.

1901-ல் பௌதிகத்துக்கான முதல் நோபெல் பரிசு இவருக்கே கிடைத்தது. அப்பரிசுத் தொகையைச் சர்வகலாசாலைக்கே ஈந்தார். தம் கண்டுபிடிப்புக்குத் தனியுரிமையும் கோரினாரல்லர். அது மன்பதை முழுமைக்கும் உரியதெனக் கருதினார். 1923-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் மியூனிக் நகரில் உயிர் நீத்தார்.

இவர் எடுத்த படத்துக்கு ஒரு குறை உண்டு. முன்னும் பின்னுமுள்ள உறுப்புக்கள் யாவும் ஒரே நிழலாய் விழுதலின், விலாவெலும்பின் பின்னுள்ள சிறு நோய் மறைந்துவிடும். இக்குறையை நீக்கியவர் சர்வகலாசாலைப் பட்டம் பெறாத ஆங்கிலப் பொறியாளராகிய காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு. கிரணங்களைப் பல கோணங்களினின்றும் செலுத்தி, கணிப்பொறியாற் கணக்கிட்டு, உடலை வாழைத்தண்டை வில்லையாக அரிந்தாற்போலக் காட்டும் ஸீ.டி. கருவியை அமைத்தார். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் லண்டன் விம்பிள்டனிலுள்ள மருத்துவசாலையில் அக்கருவி முதன்முதல் ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. இதன் கணித முறையைத் தனியே ஆய்ந்த ஆலன் கார்மாக்கும் இவரும் 1979-ல் மருத்துவ நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இக்காலத்து நுண்ணிய ஸீ.டி. படத்தில் ஒவ்வொரு வில்லையும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே உடையது. நுரையீரலிற் படரும் வடுவையும், விரிந்துபோன சுவாசக் குழல்களையும், செவியினுள் உள்ள மிகச் சிறிய எலும்புகளையும் வைத்தியர் அதிற் காண்கின்றனர். நுரையீரலைச் சிறிது வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டிய துன்பம் பலருக்கு இதனால் நீங்கியது. எனினும் இக்கிரணங்கள் மிகுமாயின் உடலுக்குத் தீங்கு செய்யும். ஆதலின் தேவையறிந்தே பயன்படுத்தல் வேண்டும்.

தோழனைக் காட்டிக்கொடாது தன் கல்வியை இழக்கத் துணிந்த அவ்விளைஞரே, பிற்காலத்தில் தாம் கண்ட கிரணத்தை விலைக்கு விற்காது உலகுக்கு ஈந்தார். சான்றிதழ் அவரிடம் இல்லை, சான்றாண்மை இருந்தது. நம் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.