ஓடும் குதிரையை நிறுத்தியவர்

சினிமா பார்க்காதவர் நம் விடுதியில் யாரும் கிடையாது. அந்தச் சினிமாவுக்கு முன்னோடியான எட்வர்ட் மைப்ரிட்ஜ் பற்றி எழுதுகிறேன்.

1830ல் இங்கிலாந்தின் கிங்ஸ்டனில் பிறந்தவர். அமெரிக்கா போய்ப் புத்தக வியாபாரம் பார்த்தார். 1860ல் குதிரை வண்டி விபத்தில் தலையில் பலத்த அடி. பிழைத்து எழுந்து புகைப்படக்காரர் ஆனார். 1874ல் மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்றார்; வழக்கில் விடுதலையானார். அதை நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை.

ரயில்வே முதலாளி லேலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்கு ஒரு கேள்வி: ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புமா? வெறும் கண்ணுக்கு அது பிடிபடாது. 1878 ஜூனில் கலிஃபோர்னியாவில் அவருடைய பாலோ ஆல்டோ பண்ணையில் மைப்ரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். பாதைக்குக் குறுக்கே நூல்கள். குதிரை நூலை இழுத்ததும் மின்சாரம் பாய்ந்து ஷட்டர் இயங்கும். இந்த மின் அமைப்புக்கு உதவியவர் ஐசக்ஸ் என்ற ரயில்வே என்ஜினீயர். நாலு காலும் எழும்புது என்று படம் காட்டிவிட்டது! அதுவும் ஓவியர்கள் வரைந்தது போல நீட்டியபடி இல்லை, வயிற்றுக்கடியில் மடங்கி!

1882ல் ஸ்டான்ஃபோர்டு இதைப் புத்தகமாகப் போட்டார். முகப்பில் மைப்ரிட்ஜ் பெயரே இல்லை. அதனால் லண்டன் ராயல் சொசைட்டியும் அவர் கட்டுரையைக் கைவிட்டது. வழக்குப் போட்டார், தோற்றார்.

எங்க அப்பா கொத்தனார். அவர் கட்டிய வீடுகளின் கல்லில் வேறு யார் பெயரோதான் இருக்கும். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ஆகவே இந்த இடம் எனக்கு வலிக்கிறது.

ஆனால் மனுஷன் சோர்ந்து உட்காரவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆதரவில் உழைத்து, 1887ல் 781 படத் தாள்கள் கொண்ட தொகுப்பைத் தன் பெயரிலேயே வெளியிட்டார். 1904ல் கிங்ஸ்டனிலேயே காலமானார்.

அந்தப் பண்ணை நிலத்தில் பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் எழுந்தது. 2009ல் அந்தப் பல்கலைக்கழக நிலத்தில் உள்ள ஸ்லாக் ஆய்வகத்தில் எக்ஸ்ரே ஃப்ரீ எலக்ட்ரான் லேசர் ஒளிர்ந்தது. ஒளிவேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்களைக் காந்த வரிசைக்குள் நெளிய விட்டால் எக்ஸ்ரே துடிப்புகள் கிடைக்கும். விநாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோ விநாடி; அந்தத் துடிப்பு சில ஃபெம்டோ விநாடி அளவுக்குக்கூடக் குறுகும். முதலில் ஒரு லேசர் துடிப்பு மூலக்கூறைத் தட்டி ஓட விடும், அது பம்ப். சற்றுப் பின்னால் வரும் எக்ஸ்ரே துடிப்பு படம் எடுக்கும், அது ப்ரோப். இடைவெளியை மாற்றி மாற்றி எடுத்து அடுக்கினால், மூலக்கூறின் பிணைப்பு அறுவது குதிரை ஓட்டம் போலவே தெரியும்.

நண்பர்களே, நூல் கட்டியவர், ஒயர் இழுத்தவர், ஷட்டர் செய்தவர் எல்லோரும் நம்ம ஜாதி, தொழில்நுட்ப ஜாதி! நாளைக்கு நாம் செய்யும் வேலையில் நம் பெயரையும், கூட உழைத்தவர் பெயரையும் சேர்த்தே எழுதுவோம்.

— இரண்டாம் ஆண்டு, மின்னியல் பிரிவு