மணலில் உறங்கும் ஆற்றல்

ரேடியம் பூசிய கடிகாரம், யுரேனியம் கலந்த பச்சைக் கண்ணாடிக் கிண்ணம், தோரியம் ஏற்றிய விளக்குவலை எனப் பழைய கதிரியக்கப் பொருள்களைத் தேடிச் சேர்ப்போர் இன்றும் பல நாடுகளில் உள்ளனர். அவற்றுள் விளக்குவலையின் வரலாறு தமிழகக் கடற்கரையோடு பிணைந்தது. அவ்வரலாற்றின் போக்கை மாற்றியவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்னும் கனிமம் உள்ளதை ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க் 1909இல் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம், சூடேறினால் வெண்ணொளி வீசும் விளக்குவலை செய்யப் பயன்பட்டது. திருமண ஊர்வலங்களில் ஒளிவீசிய பெட்ரோமாக்ஸ் விளக்கின் ‘மேண்டில்’ அத்தகையதே. அதற்காக நம் மணல் கப்பலேறி ஐரோப்பா சென்றது.

அதே 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் மும்பையில் பாபா பிறந்தார். கேம்பிரிட்ஜில் பொறியியல் பயின்றாலும், அவர் உள்ளம் இயற்பியலையே நாடியது. விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் துகள் பொழிவாகப் பெருகுவதை 1937இல் ஹைட்லருடன் இணைந்து விளக்கினார். 1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தவரை இரண்டாம் உலகப்போர் இங்கேயே நிறுத்தியது. பெங்களூரில் சர் சி.வி. இராமன் தலைமையிலான துறையில் ஆய்வைத் தொடர்ந்தார். 1945இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார்.

அண்டக்கதிர்களை ஆராய உயரமான இடம் ஏற்றது. அங்கே காற்றின் தடை குறைவு. ஆகவே, ஏறத்தாழ 2200 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தை அந்நிறுவனம் 1950களில் ஆய்வுக்களமாக்கிக் கொண்டது. அண்டக்கதிர்களால் விளையும் துகள் பொழிவுகளை, நீலகிரியின் குளிர்ந்த முகடுகளில் இந்திய அறிவியலாளர்கள் கருவிகளால் அளந்தறிந்தனர்.

விண்ணின் கதிர்களை ஆராய்ந்தவர் மண்ணின் கதிரியக்கத்தையும் மறக்கவில்லை. 1948இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியமோ மிகுதி. தோரியம் தானாக எரிபொருளாகாது. நியூட்ரானை ஏற்றபின் யுரேனியம்-233 ஆக மாறியே ஆற்றல் தரும். இதனை அடிப்படையாகக் கொண்டு மூன்று கட்ட அணுமின் திட்டத்தை வகுத்தார். மோனசைட்டை உள்நாட்டிலேயே பிரித்தெடுக்க 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தோன்றியது.

ஓவியம் தீட்டுவதிலும் ஓவியங்களைச் சேர்ப்பதிலும் பெருவிருப்பம் கொண்டிருந்த பாபா, தம் நிறுவனத்தின் சுவர்களை இந்திய ஓவியர்களின் படைப்புகளால் அணிசெய்தார். எனினும், அவர் சேர்த்த பெருஞ்செல்வம் திறன்மிக்க இளைஞர்களே ஆவர்.

1966 ஜனவரி 24ஆம் நாள் ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விமான விபத்தில் பாபா மறைந்தார். அண்டக்கதிர் ஆய்வு உதகையில் இன்றும் தொடர்கிறது. 1996இல் கல்பாக்கத்துக் காமினி அணுஉலை, தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233ஐக் கொண்டு இயங்கத் தொடங்கியது. ஆயினும், தோரியத்தால் நாடெங்கும் மின்னொளி பெறும் நாள் இன்னும் வரவில்லை. விளக்குவலை பழம்பொருளாயிற்று, மணலில் உறங்கும் ஆற்றலை எழுப்பும் பணி அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கிறது.