ஹெர்மன் லேமன்

ஹெர்மன் லேமன் (ஜூலை 8, 1910 – ஜூலை 13, 1985) ஜெர்மனியில் பிறந்த பிரித்தானிய உயிர்வேதியியலாளர் ஆவார். ஈமோகுளோபினின் மாறுபட்ட வகைகள் குறித்த ஆய்வுகளுக்காக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

ஹாலே நகரில் பிறந்தார். நாசி ஆட்சிக் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேறி, 1936 இல் கேம்பிரிட்ஜ் சென்றார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய இராணுவ மருத்துவராக இந்தியாவில் இரத்தசோகையை ஆராய்ந்தார். பின்னர் உகாண்டா, இலண்டன், கேம்பிரிட்ஜ் ஆகிய இடங்களில் பணிபுரிந்தார். 1972 இல் அரச கழக உறுப்பினரானார்.

நீலகிரி ஆய்வு

அரிவாளணுச் சோகை ஒரேயொரு மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் உண்டாகும் பரம்பரை நோயாகும். சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. இது பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோயாகவே கருதப்பட்டு வந்தது. 1952 இல் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் இம்மரபணு மிகுந்திருப்பதை வெளியிட்டனர். இந்தியாவில் இந்நோய் பற்றிய முதல் அறிக்கைகளுள் இதுவும் ஒன்று.

இன்றைய முக்கியத்துவம்

நோயாளியின் குருத்தணுக்களில் மரபணுவைத் திருத்தி இந்நோய்க்கு அளிக்கும் சிகிச்சைக்கு 2023 இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவில் அதன் அறிவிக்கப்பட்ட விலை 22 இலட்சம் டாலர். அதற்கு முன் நோயாளியின் எலும்பு மச்சையைக் கடும் மருந்துகளால் அழிக்க வேண்டும். சிறப்பு மருத்துவமனைகளில் மட்டுமே இது இயலும். எனவே மலைவாழ் மக்களுக்கு, நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் எளிய இரத்தப் பரிசோதனையே முதற்படியாக உள்ளது. 2047 க்குள் இந்நோயை ஒழிக்க 2023 இல் தொடங்கப்பட்ட இந்திய அரசுத் திட்டமும் பழங்குடியினர் பகுதிகளில் பரிசோதனையையே முதன்மைப்படுத்துகிறது.