பேசிப் பார்த்த துங்கு

அவசரகாலம் என்றால் என்ன என்று வீட்டில் வயசானவங்க இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1948 ஜூனில் தொடங்கியது அது. குளுவாங், யோங் பெங், சிகாமட் பக்கமெல்லாம் தோட்டத்து ஜனங்கள் படாத பாடு பட்டார்கள். முள்கம்பி வேலி, ஊரடங்கு, அரிசிக்கு ரேஷன். பால்வெட்டப் போகிறவன் சோறு கொண்டு போகிறானா என்று கேட்டில் சோதனை. ராத்திரி காட்டுக்காரன் அரிசி கேட்பான். விடிந்தால் பட்டாளம் வந்து, யாருக்குக் கொடுத்தாய் என்று மிரட்டும்.

இந்தச் சண்டையைப் பேசித் தீர்க்க முன்வந்தவர்தான் துங்கு அப்துல் ரஹ்மான்.

1903-இல் அலோர் ஸ்டாரில் பிறந்தவர். கெடா சுல்தானின் மகன். கேம்பிரிட்ஜில் படித்தார். ஜொகூர் பாருவில் உருவான அம்னோவுக்கு, ஜொகூர்க்காரரான டத்தோ ஓன் ஜாபார் விலகிய பின், 1951-இல் தலைவரானார். 1955 ஜூலைத் தேர்தலில் அவருடைய கூட்டணி 52 இடங்களில் 51-ஐப் பிடித்தது. துங்கு முதலமைச்சர் ஆனார்.

செப்டம்பரில் பொதுமன்னிப்பு அறிவித்தார். டிசம்பர் 28, 29 தேதிகளில், கெடா மாநிலம் பாலிங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின் பெங்கை நேருக்கு நேர் சந்தித்தார். டேவிட் மார்ஷலும் டான் செங் லோக்கும் உடன் இருந்தார்கள். துங்கு ரொம்ப விட்டுக்கொடுத்து விடுவாரோ என்று வெள்ளைக்காரனுக்கு ஒரே பயம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கட்சியை அங்கீகரிக்க வேண்டும் என்றார் சின் பெங். முடியாது, ஆயுதத்தைப் போட்டுவிட்டு வாருங்கள் என்றார் துங்கு. பேச்சு முறிந்தது.

அப்படியானால் போனதெல்லாம் வீணா? இல்லீங்க. பாதுகாப்பு அதிகாரம் நம் கைக்கு வந்தால் சண்டையை நிறுத்துவதாகச் சின் பெங் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையோடு துங்கு லண்டன் போனார். அதுவும் அவருக்குப் பலமாக இருந்தது. 1957 ஆகஸ்டு 31-இல் மெர்டேக்கா வந்தது. வெள்ளைக்காரனை விரட்டத்தான் துப்பாக்கி என்ற நியாயம் அதோடு போச்சு. 1958-இல் ஜொகூர்க் காடுகளிலிருந்து கூட்டங்கூட்டமாகச் சரணடைந்தார்கள். 1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தது.

மிச்சமிருந்தவர்கள் 1968-இல் மறுபடி துப்பாக்கி தூக்கினார்கள். கடைசியில் 1989 டிசம்பர் 2-இல் ஹாட்யாயில் ஒப்பந்தம் ஆனது. ஆயுதங்களை அழிப்பதாக அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். சரண் என்ற சொல்லைச் சேர்க்காமல் அரசாங்கமும் விட்டுக்கொடுத்தது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு டிசம்பர் 6-இல் துங்கு காலமானார்.

எதிரியோடு உட்கார்ந்து பேசுவது கோழைத்தனம் அல்ல. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். நிர்வாகத்தோடு சம்பளம் பேசப் போகிற தொழிலாளிக்கும் அது பொருந்தும்.