இன்சுலினோடு 45 ஆண்டுகள்: மருத்துவர் லாரன்சும் தாழ்சர்க்கரையும்

இன்சுலின் போட்டுக்கொள்பவராயின், மருத்துவர் ராபர்ட் டேனியல் லாரன்சின் வாழ்க்கையைத் தாங்கள் அறிந்திருத்தல் நன்று. 1892ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் பிறந்த இவர், லண்டனில் அறுவை மருத்துவம் பயின்றார். பயிற்சியின்போது உளியிலிருந்து தெறித்த எலும்புச் சில்லு கண்ணில் பட்டுச் சீழ்பிடித்தது. அப்போது செய்த பரிசோதனையில்தான் நீரிழிவு வெளிப்பட்டது. அக்காலத்தில் உணவைக் கடுமையாகக் குறைப்பதன்றி இதற்கு வேறு வழி இல்லை. இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்குச் சென்று, சிறிதளவு மருத்துவம் பார்த்தபடி முடிவை எதிர்நோக்கியிருந்தார்.

1923 மே மாதத்தில், இன்சுலின் பலனளிக்கிறது, உடனே திரும்பி வருக என நண்பர் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. கால் நரம்புகள் நலிந்திருந்த நிலையிலும் தாமே காரோட்டி லண்டன் வந்து சேர்ந்தார். மே 31 அன்று முதல் ஊசி போடப்பட்டது.

உயிர் மீண்டது, கூடவே புதிய ஆபத்தும் வந்தது. மூளை பெரும்பாலும் இரத்தச் சர்க்கரையையே எரிபொருளாகக் கொள்கிறது. இன்சுலின் மிகுந்தாலோ, உணவு தவறினாலோ, வழக்கத்தைவிட அதிகம் உழைத்தாலோ சர்க்கரை சரிந்து, வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, குழப்பம் தோன்றும். கவனியாது விட்டால் வலிப்பும் மயக்கமும் நேரும். வீட்டில் இரத்தச் சோதனை செய்யும் கருவி அன்று இல்லை. சிறுநீர்ச் சோதனையோ மிகுதியைக் காட்டுமேயன்றித் தாழ்வைக் காட்டாது. ஆகவே உடலின் அறிகுறிகளே நோயாளிக்கு வழிகாட்டி. உடலுழைப்பு இன்சுலினின் செயலைக் கூட்டுவதை 1926இல் லாரன்ஸ் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். விளையாடிய நாளின் இரவில்கூடச் சர்க்கரை குறையக்கூடும் என இன்று அறிகிறோம்.

தங்களிடம் இன்று குளுக்கோமீட்டர் உள்ளது. 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை, அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டியை, நீரில் கலந்து அருந்துக. 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, குறைவாகவே இருப்பின் மறுபடியும் அருந்துக. சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். சோதிக்க இயலாவிடினும் அறிகுறி இருந்தால் காத்திருக்க வேண்டா. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழைக்கவும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளாலும் இந்நிலை ஏற்படும் என்பதைப் பலர் அறிவதில்லை. நெடுங்காலம் இன்சுலின் போடுவோர் சிலருக்கு முன்னறிகுறிகளே மங்கிவிடும். அத்தகையோர் வாகனம் ஓட்டுமுன் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

லாரன்ஸ் 1925இல் மருத்துவர்க்கும் நோயாளிக்கும் பொதுவானதொரு நூல் எழுதினார். 1934இல் தம்மிடம் சிகிச்சை பெற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்சுடன் இணைந்து பிரிட்டனில் நீரிழிவாளர் சங்கத்தை நிறுவினார். 1950இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் முதல் தலைவரானார். முப்பது வயதில் முடிவை எதிர்நோக்கியிருந்தவர், 1968இல், தம் 75ஆம் வயதில் மறைந்தார்.