நிதியமைச்சர் தக்காகாசி கொரேக்கியோ

மனையறம் நடத்துவோன் வரவறிந்து செலவு செய்தல் வேண்டும் என்பது யாவரும் உடன்படும் நீதி. நாடாளும் அரசுக்கும் அந்நீதி அவ்வண்ணமே பொருந்துமோ என்பது அறிஞர் நெடுங்காலமாக வாதிட்டு வரும் வினா. தொழிலும் வாணிகமும் மந்தமுற்ற காலத்திற் கடன்பட்டேனும் அரசு செலவு செய்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். அக்கடன் பின்வருவோர் தலையிற் சுமையாய் வீழும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளையும் காலமறிந்து கைக்கொண்டு, முடிவில் அதன்பொருட்டு உயிர் துறந்தவர் யப்பான் நாட்டு நிதியமைச்சர் தக்காகாசி கொரேக்கியோ.

அவர் 1854ஆம் ஆண்டில், இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரிற் பிறந்தார். தந்தையார் அரசவை ஓவியர்; தாயார் அம்மனையிற் பணி செய்த இளம்பெண். முறையான மணத்திற் பிறவாமையால், குழந்தை செண்டாய் நாட்டுக் காலாட்படை வீரர் ஒருவருக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது. ஆங்கிலம் கற்கும் ஆர்வத்தால் 1867ஆம் ஆண்டிற் பதின்மூன்று வயதில் அமெரிக்கா சென்ற அச்சிறுவன், ஆங்கு ஒரு தாளிற் பொருளறியாது கைச்சாத்திட்டான். அது தன்னை ஒப்பந்தப் பணியாளாய் விற்கும் பத்திரம் என்பது பின்னரே தெரிந்தது. அப்பிணிப்பினின்று நீங்கி அடுத்த ஆண்டே தாயகம் மீண்டான்.

பின்னர் அவர் ஆங்கில ஆசிரியராயும் அரசாங்க உத்தியோகத்தராயும் கடமையாற்றினார். 1889ஆம் ஆண்டில் அரசுப் பணியைத் துறந்து, பேரு நாட்டில் வெள்ளிச் சுரங்கம் நடத்தச் சென்றார். அச்சுரங்கமோ முன்னரே அகழ்ந்து தீர்ந்தது. கைப்பொருள் யாவும் இழந்து திரும்பியவர், 1892ஆம் ஆண்டில் யப்பான் வங்கியின் புதிய கட்டிட வேலையைக் கவனிக்கும் சிறு பதவியில் அமர்ந்தார். ஆங்குநின்றும் படிப்படியாக உயர்ந்தார். 1904ஆம் ஆண்டில் உருசியப் போர் மூண்டபோது, கடன் பெறும் பொருட்டு இலண்டனுக்கு அனுப்பப்பட்டார். முதற் கடனான ஒரு கோடிப் பவுணிற் பாதியை இலண்டன் வங்கிகள் ஏற்றன. மறுபாதியை நியூயோர்க்கு வங்கியாளர் யேக்கப்பு சிஃப் என்பார் ஏற்றார். 1911ஆம் ஆண்டில் யப்பான் வங்கியின் தலைவராகவும், 1913ஆம் ஆண்டில் நிதியமைச்சராகவும், 1921ஆம் ஆண்டிற் பிரதம மந்திரியாகவும் தக்காகாசி விளங்கினார்.

1927ஆம் ஆண்டில் வங்கிகள் வீழத் தொடங்கியபோது அவரை மீண்டும் நிதியமைச்சுக்கு அழைத்தனர். அவர் மூன்று கிழமைக்குக் கொடுப்பனவுகளை நிறுத்தி வைத்தார். ஒரு பக்கம் மாத்திரம் அச்சிட்ட இருநூறு யென் தாள்களை விரைவில் வெளிப்படுத்தினார். வங்கிகளிற் பணம் உண்டெனக் கண்ட மக்கள் அச்சந் தெளிந்தனர். அந்நாளில் யப்பான் வங்கித் தலைமையை ஏற்குமாறு அவர் வேண்டி அழைத்தவர் இனோவே யுன்னொசுக்கே. இருவரும் பின்னர் எதிரெதிர்க் கொள்கையினர் ஆயினர்.

1929ஆம் ஆண்டில் நிதியமைச்சரான இனோவே, அரசும் மக்களும் சிக்கனங் காத்தல் வேண்டும் என்றார். 1930ஆம் ஆண்டு சனவரியிற் பழைய மதிப்பிலேயே யென்னைப் பொன்னோடு பிணைத்தார். அதற்கு மாறாக தக்காகாசி கூறிய விளக்கம் புகழ்பெற்றது. செல்வர் ஒருவர் விருந்து மனையிற் பணத்தை வாரி இறைப்பது ஒழுக்கத்திற்கு ஏற்றதன்று. ஆயினும் அப்பணம் சமையற்காரன், மீன் விற்போன், உழவன், வலைஞன் எனக் கைமாறிச் சென்று பலருக்கு ஊதியமாகும். அவர் அதனைச் செலவிடாது வைப்பின் அவருக்கு நன்மை, நாட்டிற்கு அன்று என்பது அதன் கருத்து.

உலகப் பெருமந்தம் சூழ்ந்த வேளையில் இனோவேயின் சிக்கனம் கொடிய துன்பம் விளைத்தது. பட்டுநூல் விலை வீழ்ந்தது. வடகிழக்கு மாகாணங்களில் உழவர் வறுமையாற் பெண்மக்களை விற்கவும் நேர்ந்தது. 1931ஆம் ஆண்டு திசெம்பரில் எழுபத்தேழு வயதான தக்காகாசி மீண்டும் நிதியமைச்சரானார். பதவியேற்ற அன்றே பொன் ஏற்றுமதியைத் தடுத்தார். நூறு யென்னின் மதிப்பு 49 தொலரிலிருந்து ஓராண்டில் ஏறத்தாழ 20 தொலருக்கு இறங்கியது. கிராமங்களிற் பாதையும் நீர்ப்பாசனமும் அமைக்கும் வேலைகளை மூன்றாண்டுக்கு வகுத்தார். 1932ஆம் ஆண்டு நவம்பர் தொடக்கம் அரசின் கடன்பத்திரங்களை யப்பான் வங்கியே நேரே வாங்குமாறு செய்தார். கெயின்சு என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் தம் பெருநூலை வெளியிடுதற்கு நான்காண்டு முன்னரே நிகழ்ந்தன இவை. ஆலைகள் இயங்கின, ஏற்றுமதி பெருகியது. யப்பானியத் துணி குடியேற்ற நாடுகளில் மலிந்தமை கண்டு, 1934ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இலங்கையிலும் அதன் இறக்குமதிக்கு வரையறை விதித்தது.

ஆயினும் அக்கடனில் ஒரு பகுதி மஞ்சூரியப் படையெடுப்புக்குச் சென்றது. தக்காகாசி அதனையும் ஈடு செய்தார். எளிதிற் கிடைக்கும் பணத்தின் சுவையைப் படைத்தலைவர் அறிந்துகொண்டனர். 1935ஆம் ஆண்டளவில் நாடு நலமுற்றதென்றும், இனியுங் கடன் பெருகின் விலைவாசி கட்டுக்கடங்காதென்றும் அவர் கண்டார். வங்கிகளும் கடன்பத்திரங்களை வாங்கத் தயங்கின. ஆதலின் படைச் செலவைக் குறைக்கத் துணிந்தார். அவ்வாண்டு நவம்பரில் வரவு செலவுத் திட்டம் பற்றி அமைச்சரவை இரவு முழுதும் கூடி வாதிட்டது, முதியவர் இணங்கினாரல்லர். 1936ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள், பனி மூடிய விடியலில், கலகஞ் செய்த இளம் படையதிகாரிகள் அவர் இல்லத்துட் புகுந்து, படுக்கையிற் கிடந்த அவரைச் சுட்டும் வெட்டியுங் கொன்றனர். அவருக்கு அப்பொழுது வயது எண்பத்தொன்று. சிக்கனத்தைப் போற்றிய இனோவேயும் நான்காண்டு முன்னரே கொலையுண்டவர் என்பது நினைக்கத்தக்கது.

அவருக்குப் பின்வந்தார் படைச் செலவைத் தடையின்றிப் பெருக்கினர். அடுத்த ஆண்டே சீனப் போர் மூண்டது. போரின் முடிவில் பணம் மதிப்பிழந்து மக்களின் சேமிப்பு அழிந்தது. யப்பான் வங்கி அரசின் கடன்பத்திரங்களை நேரே வாங்குதல் பொதுவாகக் கூடாதென 1947ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

மதகைத் திறந்த தக்காகாசியே வெள்ளத்திற்குக் காரணர் என்பாரும், அவரைக் கொன்றோரே காரணர் என்பாரும் இன்றும் உளர். வறண்ட வயலுக்கு நீர் பாய்ச்சினமை குற்றமாகாது. உரிய காலத்தில் அதனை அடைக்க முயன்றமையும் மெய். ஆனால் அம்மதகிற்குக் காவல் அவர் ஒருவரேயாயினர். சட்டமும் மன்றமும் அக்காவலை ஏற்கவில்லை. காவலரை வீழ்த்த ஒரு விடியற்பொழுதே போதியதாயிற்று. கடன்பட்டுச் செலவு செய்யும் அரசு, அச்செலவை நிறுத்தும் அதிகாரம் எவரிடத்தது என்பதையும் முதலிலேயே வகுத்தல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்துவது.

1951ஆம் ஆண்டில் யப்பான் வங்கி வெளியிட்ட ஐம்பது யென் தாளில் அவர் திருவுருவம் பொறிக்கப்பட்டது.