ஏழிசை மன்னர் எம்.கே.டி.



சூப்பர் ஸ்டார் என்றதும் நம்ம செட்டுக்கு ஒரே முகம்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தப் பட்டம் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே தமிழ்நாட்டைத் தன் குரலால் கட்டிப்போட்டவர் ஒருவர் இருந்தார். அவர்தான் எம்.கே.தியாகராஜ பாகவதர். எங்க அப்புச்சி தறி ஓட்டும்போது முணுமுணுக்கும் பாட்டெல்லாம் யாருடையது என்று கேட்கப் போய்த்தான் இவரைத் தெரிந்துகொண்டேன்.

1910-ல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது திருச்சியில். படிப்பில் மனசு ஒட்டவில்லை. பாட்டும் நாடகமும்தான் இழுத்தன. சின்ன வயதிலேயே 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக மேடை ஏறினார். பிறகு வயலின் வித்வான் மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் கற்றார்.

1934-ல் 'பவளக்கொடி' மூலம் சினிமாவுக்கு வந்தார். அப்போதெல்லாம் பாடத் தெரிந்தவர்தான் ஹீரோ! 1937-ல் வந்த 'சிந்தாமணி'யும் 'அம்பிகாபதி'யும் அவரை உச்சிக்குக் கொண்டுபோயின. 1941-ல் வந்த 'அசோக்குமார்' படத்தில் இவர் கதாநாயகன், எம்.ஜி.ஆருக்குச் சிறு வேடம்தான். 1943-ல் வந்த 'சிவகவி' நம்ம பக்கத்தில், கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானது.

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியானது. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளி கண்டது. ஆனால் அதைக் கொண்டாட நாயகன் வெளியே இல்லை!

படம் வந்த அடுத்த மாதமே, நடிகர்களைப் பற்றி அவதூறாக எழுதி வந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பியது. 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. ஆக, தியேட்டரில் ஜனம் கைதட்டிக்கொண்டிருந்தபோது பாகவதர் சிறையில் இருந்தார்.

குற்றமில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. பழைய இடம் கிடைத்திருக்கணுமே? கிடைக்கலை. நம்ம ஊரில் ஷிப்மெண்ட் தேதி தவறினால், காரணம் நியாயமாகவே இருந்தாலும் ஆர்டர் அடுத்த கம்பெனிக்குப் போயிடும் இல்லையா? அந்த மாதிரிதான். சொந்தமாக எடுத்த 'ராஜமுக்தி' 1948-ல் வந்து எடுபடவில்லை. 1952-ல் 'அமரகவி', 'சியாமளா' வந்தன. அதே வருஷம் 'பராசக்தி'யும் வந்தது. ரசிகர்கள் வசனத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

ஆனாலும் மனிதர் ஓய்ந்து உட்காரலை. கச்சேரிகளில் பாடினார். 'புதுவாழ்வு' படத்தைத் தானே இயக்கினார். 1959 நவம்பர் 1-ந் தேதி காலமானார். கடைசிப் படமான 'சிவகாமி' அதன் பிறகு, 1960-ல்தான் வெளிவந்தது. மொத்தமே 14 படங்கள்!

நண்பர்களே, எங்க வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். டிப்ளமோ வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டில் நம்புகிறார்கள். வேலையும் பேரும் நம் தப்பே இல்லாமலும் கையை விட்டுப் போகலாம் என்பதை பாகவதர் வாழ்க்கை காட்டுகிறது. ஆனால் கற்ற வித்தையை அவரிடமிருந்து ஜெயிலால்கூடப் பிடுங்க முடியலை. அதனால் மார்க்குக்காக மட்டும் படிக்காமல், தொழிலைக் கையில் ஏற்றிக்கொள்வோம்!